விவாகரத்து மனுவும் குழந்தையின் பொறுப்பும்: கையெழுத்திடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

விவாகரத்து வேண்டி வக்கீலிடம் வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளை ஒரே மூச்சில் கேட்கிறார்கள்: எத்தனை மாதத்தில் முடியும், குழந்தை யாரிடம் இருக்கும். சட்டம் இவ்விரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. திருமண பந்தம் ஒரு குறிப்பிட்ட தேதியில் ஒரு தீர்ப்பாணையோடு முடிந்துவிடும். குழந்தையைப் பற்றிய உத்தரவோ அந்தக் குழந்தைக்கு 18 வயது நிறையும்வரை உயிரோடு இருக்கும், சூழ்நிலை மாறினால் திருத்தப்படவும் செய்யும். அப்படியிருந்தும், முதல் கேள்விக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் இரண்டாவதை மனுவின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். பின்னால் எழும் தகராறுகள் அந்த இரண்டு வரியிலிருந்துதான் கிளம்புகின்றன. இந்தக் கட்டுரை இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு நீதிமன்ற நடைமுறையையும் ஒட்டி எழுதப்பட்டது. தகராறு கிளம்பும் இடம் அதுதான் என்பதால் குழந்தையைப் பற்றிய பகுதிக்கே இதில் அதிக இடம் தரப்பட்டிருக்கிறது.

முத்திரைத்தாளில் எழுதி வாங்கினால் போதுமா?

போதாது. இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, நகையையும் சீரையும் திருப்பிக் கொடுத்து, முத்திரைத்தாளில் "இன்றுமுதல் ஒருவர் மீது ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, நோட்டரி முத்திரையும் இட்டு வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. அந்தத் தாள் விவாகரத்து ஆகாது. தங்கள் சமூகத்தில் நீதிமன்றம் போகாமலே மணவாழ்வைத் தீர்த்து விடும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்துவருகிறது என்று நிரூபிக்க முடிந்தவர்களுக்கு இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு ஒரு விலக்கு அளிக்கிறது. ஆனால் அந்த வழக்கத்தைச் சாட்சியங்களோடு நிரூபிக்கும் சுமை அதைச் சொல்பவர் தலையில்தான் விழும். நீதிமன்றங்கள் அதை எளிதில் ஏற்பதுமில்லை. இத்தகைய தாளை நம்பி மறுமணம் செய்துகொண்டால் அந்தத் திருமணம் செல்லாது. முதல் மனைவியோ கணவரோ புகார் செய்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டுவரை சிறைத் தண்டனைக்கும் வழியுண்டு. அந்தத் தாளை ஒரேயடியாகத் தூக்கி எறியவும் வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து இருவரும் பிரிந்து வாழ்கிறார்கள் என்பதைக் காட்டும் சான்றாக அது பின்னால் பயன்படலாம்.

எந்தச் சட்டம், எந்த நீதிமன்றம்?

இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்கள் ஆகியோருக்கு 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் பொருந்தும். புரோகிதர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணமும், தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவின் வழியாக இதே சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டமும், பதிவுத் திருமணமாகவே சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மணந்தவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் அந்தச் சட்டமும் உள்ளன. இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தத் திருமணத்தைப் பதிந்துகொண்டவர்கள் தங்களுடையதும் சிறப்புத் திருமணம் என்று எண்ணிவிடுகிறார்கள். சான்றிதழின் மேற்பகுதியில் எந்தச் சட்டத்தின் கீழ் பதியப்பட்டது என்று அச்சாகியிருக்கும். அதைப் படித்துவிட்டு மனு தயாரித்தால் ஓர் அலைச்சல் மிச்சம். பதிவே செய்யாமல் விட்டவர்கள் பயப்பட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம்தான் என்றாலும், பதியாத காரணத்தால் விவாகரத்து மனு தள்ளுபடி ஆவதில்லை. திருமண அழைப்பிதழும் புகைப்படமும் அடையாளச் சான்றுகளும் வழக்கமாகப் போதும்.

இஸ்லாமியப் பெண்கள் 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தை அணுகலாம். ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தால் செல்லாததும் தண்டனைக்குரியதும் ஆகிவிட்டது. மனைவி தானே முன்வந்து மணமுறிவு கேட்கும் குலா முறையில் பிரிய விரும்பும் பெண் ஜமாஅத் போன்ற தனியார் அமைப்பிடம் சான்றிதழ் வாங்கினால் போதாது, குடும்ப நல நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் தெளிவுபடுத்தியது.

மனுவை எந்த ஊரில் போடுவது என்பதற்கு இந்து திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவு பதில் சொல்கிறது: திருமணம் நடந்த ஊர், எதிர்த்தரப்பினர் வசிக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர். மனு போடுபவர் மனைவியாக இருந்தால், அவர் இப்போது வசிக்கும் ஊரிலும் போடலாம். மதுரையில் திருமணமாகி, சென்னையில் குடித்தனம் நடத்தி, இப்போது தென்காசியில் தாய்வீட்டில் இருக்கும் பெண் அந்த ஊருக்கு உரிய நீதிமன்றத்திலேயே மனு தாக்கல் செய்துவிடலாம். கணவர் முந்திக்கொண்டு தொலைவான ஊரில் வழக்குப் போட்டிருந்தால், மாற்றித் தரக் கோரி மாநிலத்துக்குள் உயர் நீதிமன்றத்திலும், வெவ்வேறு மாநிலங்கள் என்றால் உச்ச நீதிமன்றத்திலும் மனு செய்யலாம். குடும்ப நல நீதிமன்றம் இல்லாத ஊர்களில் இத்தகைய வழக்குகள் வழக்கமான உரிமையியல் நீதிமன்றங்களில் நடக்கும்.

சேர்ந்து கேட்பதா, எதிர்த்துக் கேட்பதா?

இருவரும் ஒத்துக்கொண்டால் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின் கீழ் பரஸ்பர சம்மத விவாகரத்து. மனு போடும் நாளில் குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். கணவன் மனைவியாக வாழவில்லை என்பதுதான் இதன் பொருள் என்பதால், வீட்டுக் கடனுக்காக ஒரே கூரையின் கீழ் தனித்தனி அறையில் இருந்தவர்களும் இந்த நிபந்தனைக்குள் வரலாம். கிறிஸ்தவர்களுக்கான 10ஏ பிரிவு ஓராண்டுக்குப் பதிலாக இரண்டு ஆண்டு என்கிறது. மனு தாக்கல் ஆனதிலிருந்து ஆறு மாதம் கழித்து, 18 மாதத்துக்குள், இருவரும் மீண்டும் முன்னிலையாகித் தங்கள் முடிவில் மாற்றமில்லை என்று சொல்ல வேண்டும். இந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்ய முடியுமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. முடியும் என்று உச்ச நீதிமன்றம் அமர்தீப் சிங் வழக்கில் 2017இல் கூறியது. மனு போடுவதற்கு முன்பே ஒன்றரை ஆண்டு பிரிவு முடிந்திருக்க வேண்டும். சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும். ஜீவனாம்சம், குழந்தை உள்ளிட்ட எல்லாம் பேசித் தீர்ந்திருக்க வேண்டும். அப்போதும் அது நீதிபதியின் விருப்புரிமைதான். குழந்தையைப் பற்றி எதுவும் எழுதாத மனுவோடு விலக்குக் கேட்டால் கிடைப்பது அரிது.

இரண்டாவது முறை முன்னிலையாகும் நாளன்று நீதிபதி கேட்பது சில கேள்விகள்தான்: நீங்களாகவே வந்தீர்களா, யாரும் வற்புறுத்தினார்களா, தொகை கைக்கு வந்ததா, குழந்தை யாரிடம். பதில் தடுமாறினால் அவர் கோப்பை மூடி இன்னொரு தேதி கொடுத்துவிடுவார். தீர்ப்பு எழுதப்படும்வரை ஒருவர் தம் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே முழுத் தொகையையும் முதல் நாளிலேயே கொடுத்துவிடுவதும், எல்லாவற்றையும் கடைசி நாளுக்கு ஒத்திப்போடுவதும் சரியல்ல. ஒரு பகுதி முதல் முறை முன்னிலையாகும்போது, மீதி இரண்டாம் முறையன்று நீதிபதி முன்னிலையில் வங்கி வரைவோலையாக என்று பிரித்து எழுதுவதே இரு தரப்புக்கும் பாதுகாப்பு. வெளிநாட்டில் இருப்பவர் காணொலி வழியாக முன்னிலையாக அனுமதி கோரலாம்.

ஒருவர் மறுத்தால் 13ஆம் பிரிவில் உள்ள காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும்: கொடுமை, இரண்டு ஆண்டு தொடர்ச்சியாகக் கைவிட்டுப் போனது, திருமணத்துக்கு வெளியே உறவு, மதமாற்றம், சேர்ந்து வாழ முடியாத அளவு கடுமையான மனநோய், ஏழு ஆண்டாக உயிரோடு இருக்கும் தகவலே இல்லாதது போன்றவை. திருமணமாகி ஓராண்டுக்குள் இந்த மனுவைப் போட முடியாது. மிகக் கடுமையான துன்பம் என்று காட்டி அனுமதி பெற்றால் மட்டுமே விதிவிலக்கு. திருமணத்துக்கு வெளியேயான உறவு 2018க்குப் பிறகு குற்றமல்ல என்பதைக் கேள்விப்பட்டு, அது விவாகரத்துக்கும் காரணமல்ல என்று சிலர் நினைக்கிறார்கள். அது இன்றும் காரணம்தான். மாறாக, "எங்களுக்குள் ஒட்டவே ஒட்டாது" என்பது சட்டத்தில் காரணமாக எழுதப்படவில்லை. மீட்க முடியாதபடி முறிந்த திருமணத்தை அந்த ஒரே காரணத்துக்காக முடித்துவைக்கும் அதிகாரம் அரசமைப்பின் 142ஆவது பிரிவின் கீழ் தனக்கு உண்டு என்று 2023இல் சொன்னது உச்ச நீதிமன்றம். கீழ் நீதிமன்றங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை.

கொடுமை என்று எழுதுபவர்கள் அதைச் சம்பவங்களாக எழுத வேண்டும். "எதிர்மனுதாரர் என்னை மனரீதியாகவும் உடல்ரீதியாகவும் துன்புறுத்தினார்" என்ற வரி எல்லா மனுவிலும் இருக்கிறது. நீதிபதியின் கண் அதில் நிற்பதில்லை. எந்த மாதம், எந்த வீடு, யார் இருந்தார்கள், என்ன நடந்தது, மருத்துவமனைச் சீட்டு உண்டா என்று நான்கு சம்பவங்களை எழுதினால் போதும். அந்த நான்கையும் குறுக்கு விசாரணையில் தாக்குப்பிடிக்கும்படி எழுத வேண்டும். கணவன் மனைவிக்கிடையே இரகசியமாகப் பதிவு செய்யப்பட்ட தொலைபேசிப் பேச்சையும் விவாகரத்து வழக்கில் சான்றாகத் தாக்கல் செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் கூறியிருப்பதால், எதிர்த்தரப்பின் கையில் உங்கள் குரலும் இருக்கக்கூடும் என்பதை நினைவில் வைத்துப் பேசுவது நல்லது.

ஜீவனாம்சம் எவ்வளவு?

சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். இந்து திருமணச் சட்டத்தில் அப்படி ஒரு விகிதம் எங்கும் இல்லை. இரு தரப்பின் வருமானம், கடன், வாழ்க்கைத்தரம், குழந்தையின் செலவு எல்லாம் பார்த்தே தொகை முடிவாகும். ரஜ்னேஷ் வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைப்படி, இருவரும் தங்கள் சொத்து, வருமானம், கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காகும். வழக்கு நடக்கும் காலத்துக்கான செலவுத் தொகையை இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவின் கீழ் மனைவியும் கேட்கலாம், வருமானமில்லாத கணவரும் கேட்கலாம். ஜீவனாம்சம் கேட்க வழிசெய்த பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாகியிருக்கிறது. சீதனமாக வந்த நகையும் பொருளும் மனைவியின் தனிச் சொத்து. அவற்றை ஜீவனாம்சக் கணக்கில் போட்டுக் கழிப்பது தவறு.

இதில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். "எனக்கும் வேண்டாம், என் குழந்தைக்கும் வேண்டாம், ஆளை விட்டால் போதும்" என்று எழுதிக் கொடுக்கும் தாய்மார்கள் உண்டு. தனக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. குழந்தையின் பராமரிப்புத் தொகை குழந்தையின் உரிமை என்பதால், அதை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் தாய்க்கு இல்லை. அப்படி எழுதியிருந்தாலும் பிற்பாடு குழந்தையின் பெயரில் கேட்கலாம்.

குழந்தை யாரிடம்?

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். குழந்தை யாரோடு தங்கி, யார் கையால் சாப்பிட்டுப் பள்ளிக்குப் போகிறது என்பது ஒன்று; நீதிமன்ற வளாகத்தில் எல்லோரும் கஸ்டடி என்று சொல்வது இதைத்தான். குழந்தையின் சார்பில் சட்டப்படி கையெழுத்திடும் காப்பாளர் யார் என்பது வேறு. 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தந்தையும் அவருக்குப் பின் தாயும் இயற்கைக் காப்பாளர் என்கிறது. இந்த "பின்" என்பதற்குத் தந்தை இறந்த பின் என்று பொருள்கொள்ள வேண்டியதில்லை, அவர் பொறுப்பை ஏற்காமல் விலகி நிற்கும்போதும் தாயே காப்பாளர் என்று 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அதே பிரிவு, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. "சாதாரணமாக" என்ற அந்தச் சொல்லில்தான் வழக்கறிஞர்கள் மோதிக்கொள்கிறார்கள். தாயிடம் இருப்பது குழந்தைக்கு நல்லதல்ல என்று நிரூபிக்கும் பாரம் தந்தையுடையது. இஸ்லாமியர்களில் ஹனஃபி என்ற சட்ட மரபில் ஆண் குழந்தை ஏழு வயதுவரையும் பெண் குழந்தை பருவமெய்தும்வரையும் தாயின் வளர்ப்பில் இருக்கும் என்பது விதி.

எந்த மதமானாலும், எல்லா விதிகளுக்கும் மேலே நிற்பது குழந்தையின் நலன் என்ற ஒன்றே. நலன் என்றதும் பெற்றோர் இருவரும் சம்பளச் சீட்டையும் வீட்டுப் பத்திரத்தையும் கொண்டுவந்து அடுக்குகிறார்கள். பணம் அதிகம் என்பதற்காகக் குழந்தை அந்தப் பக்கம் போவதில்லை. பணம் குறைவானவருக்கு மற்றவர் பராமரிப்புத் தொகை கொடுக்கும்படி உத்தரவிட்டாலே அந்தக் குறை தீர்ந்துவிடும். நீதிபதி பார்ப்பது வேறு: இதுவரை பள்ளிக்கு யார் கூட்டிப்போனார், காய்ச்சல் வந்தபோது யார் விடுப்பு எடுத்தார், பெற்றோர் கூட்டத்துக்கு யார் போனார், வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தையோடு யார் இருப்பார், உடன்பிறந்தவர்கள் பிரியாமல் இருப்பார்களா. ஆகவே தடுப்பூசி அட்டை, பள்ளி நாட்குறிப்பு, கட்டண ரசீது போன்ற சாதாரணத் தாள்களுக்கு இந்த வழக்கில் பத்திரங்களைவிட மதிப்பு அதிகம்.

குழந்தையின் விருப்பம் எந்த வயதிலிருந்து கேட்கப்படும் என்பதற்கு ஒன்பது, பன்னிரண்டு என்று ஆளுக்கொரு எண் சொல்வார்கள். 1890ஆம் ஆண்டு காப்பாளர்கள் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டத்தின் 17ஆம் பிரிவு வயதைக் குறிப்பிடவில்லை. யோசித்துத் தன் விருப்பத்தைச் சொல்லும் முதிர்ச்சி இருந்தால் நீதிமன்றம் அதைக் கருத்தில் கொள்ளலாம் என்றுதான் சொல்கிறது. நீதிபதி தம் அறைக்குள் குழந்தையைத் தனியாக அழைத்து, என்ன படிக்கிறாய், பக்கத்தில் உட்காரும் நண்பன் பெயர் என்ன என்று தொடங்கிப் பேசுவார். சொல்லிக்கொடுத்து அனுப்பப்பட்ட குழந்தை இரண்டாவது கேள்விக்குள் பிடிபட்டுவிடும்: "அப்பா ஜீவனாம்சம் தரவில்லை" என்று ஆறு வயதுக் குழந்தை தானாகச் சொல்லாது. அந்த ஒரு வாக்கியம், அதைக் கற்றுக்கொடுத்தவருக்கு எதிராகவே திரும்பும். குழந்தையின் மனத்தில் மற்ற பெற்றோரைப் பற்றி வெறுப்பை ஊட்டுவதை உச்ச நீதிமன்றமே ஒரு குறையாகக் கணக்கில் எடுத்திருக்கிறது.

விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தால் இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவின் கீழ் அதே நீதிமன்றத்திலேயே இடைக்கால உத்தரவு கேட்கலாம். விவாகரத்து கேட்காமல் குழந்தைக்காக மட்டும் வழக்குப் போடுபவர், குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரில் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மனு செய்ய வேண்டும். பெற்றோர் எங்கே வசிக்கிறார்கள் என்பது இதில் பொருட்டல்ல. வீட்டில் வன்முறை நடக்கிறது என்றால் இவற்றுக்கெல்லாம் காத்திராமல், 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் குற்றவியல் நடுவரிடம் மனு செய்து, 21ஆம் பிரிவின்படி குழந்தையைத் தற்காலிகமாகத் தம்மிடம் வைத்துக்கொள்ளும் உத்தரவைப் பெண் பெறலாம். உடனடி உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுத்தால் வக்கீல் நியமிப்பார்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

பார்க்கும் உரிமையை எப்படி எழுதுவது?

மனுக்களில் அதிகம் காணப்படும் வரி இது: "தந்தை குழந்தையை நியாயமான நேரங்களில் பார்த்துக்கொள்ளலாம்." கையெழுத்திடும் நாளில் இரு தரப்புக்கும் இது திருப்தியாக இருக்கும், ஏனென்றால் இருவரும் "நியாயமான" என்பதற்குத் தத்தம் மனத்தில் ஒவ்வொரு பொருள் வைத்திருப்பார்கள். மூன்றாவது மாதம் தந்தை சனிக்கிழமை காலை வாசலில் நிற்பார். தாய், பாட்டு வகுப்பு இருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்பார். இருவருமே உத்தரவை மீறவில்லை. அதனால் நீதிமன்றத்தாலும் எதுவும் செய்ய முடியாது. புதிதாக ஒரு மனு, அதற்கு எதிருரை, வாய்தாவுக்கு மேல் வாய்தா.

அதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்: "ஒவ்வொரு மாதமும் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தந்தை தாயின் வீட்டு வாசலில் குழந்தையை அழைத்துக்கொண்டு, மறுநாள் ஞாயிறு மாலை 6 மணிக்கு அதே இடத்தில் திரும்ப ஒப்படைக்க வேண்டும். தந்தை வர இயலாவிட்டால் முந்தைய வியாழக்கிழமைக்குள் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். குழந்தைக்கு உடல்நலமில்லை என்றால் மருத்துவச் சீட்டின் படத்தைத் தாய் அனுப்பி, அடுத்து வரும் சனிக்கிழமையை ஈடாகத் தர வேண்டும்." படிக்கக் கொஞ்சம் கறாராக இருக்கும். இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசவே பிடிக்காத நிலையில் இருக்கும்போது, பேசாமலே நடத்தக்கூடிய ஏற்பாடுதான் தேவை.

நாளும் நேரமும் முடிந்ததும் விடுமுறைக்கு வர வேண்டும். காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளைச் சரிபாதியாகப் பிரிக்கலாம்; கோடை விடுமுறையில் எந்த இரண்டு வாரம் என்பதைத் தேதியாகவே எழுதலாம். தீபாவளி இந்த ஆண்டு ஒருவரிடம், பொங்கல் மற்றவரிடம், அடுத்த ஆண்டு மாற்றி. பிறந்தநாளைப் பலர் மறந்துவிட்டு, அந்த நாள் வந்ததும் வக்கீலுக்குத் தொலைபேசி செய்கிறார்கள். தாத்தா பாட்டி குழந்தையை அழைத்துப்போக வரலாமா, வந்தால் யார் யார் என்பதையும் பெயரோடு சேர்க்க வேண்டும். உடன் வசிக்காத பெற்றோர் வாரத்தில் இரண்டு நாள், குறித்த நேரத்தில் காணொலியில் பேசலாம் என்பதையும் எழுதுங்கள். தினமும் சிறிது நேரமாவது பேச முடிவது குழந்தைக்கு நல்லது என்று 2020இல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் கூறியிருக்கிறது.

பணத்தைப் பொறுத்தவரை, மாதத் தொகை எவ்வளவு என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. பள்ளிக் கட்டணத்தைத் தந்தை நேரடியாகப் பள்ளிக் கணக்கில் கட்டுவாரா, தாயிடம் கொடுப்பாரா. ஆண்டுதோறும் எத்தனை விழுக்காடு உயரும். மருத்துவக் காப்பீட்டுத் தவணை யாருடையது. கல்லூரிச் செலவு என்ன ஆகும். இன்று யூகேஜி படிக்கும் குழந்தைக்கு எழுதிய தொகை, அது பத்தாம் வகுப்புக்கு வரும்போது புத்தகத்துக்கும் காணாது. ஊர் மாறுவதாக இருந்தால் எத்தனை நாள் முன்பு தெரிவிக்க வேண்டும் என்ற வரியையும் சேர்க்க வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்கு மற்றவரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும், கடவுச்சீட்டு யாரிடம் இருக்கும் என்ற வரிகள் இன்னும் முக்கியம். குழந்தைகளை நாடு விட்டு நாடு கொண்டுபோவது பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை என்பதால், ஒருமுறை எல்லை தாண்டிவிட்ட குழந்தையைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. அப்படி ஓர் அச்சம் ஏற்கெனவே இருந்தால், குழந்தையின் கடவுச்சீட்டை நீதிமன்றத்தில் ஒப்படைக்கச் சொல்லி இடைக்கால மனு போடத் தயங்க வேண்டாம்.

நீதிமன்ற வளாகத்திலேயே பார்க்க உத்தரவாகும் வழக்குகளும் உண்டு. குழந்தை முதல் அரைமணி நேரம் தாயின் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தந்தை கொண்டுவந்த பொம்மை பிரிக்கப்படாமலே பெட்டியில் கிடக்கும். முதல் இரண்டு வாரம் இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்துகொண்டால், "குழந்தைக்கு என்னைப் பிடிக்காதபடி செய்துவிட்டார்கள்" என்று உடனே மனு எழுதத் தோன்றாது. பெரிய பொம்மையைவிட, குழந்தைக்கு ஏற்கெனவே பழகிய ஒரு விளையாட்டுச் சாமானோ படப் புத்தகமோ கைகொடுக்கும்.

உத்தரவை மீறினால், உத்தரவு மாற வேண்டுமென்றால்?

பராமரிப்புத் தொகை வரவில்லை என்பதற்காகக் குழந்தையைக் காட்ட மறுக்கக் கூடாது. குழந்தையைக் காட்டவில்லை என்பதற்காகத் தொகையை நிறுத்தவும் கூடாது. இரண்டும் தனித்தனி உத்தரவுகள். ஒன்றை மீறியவருக்கு எதிராக அதை நிறைவேற்றக் கோரும் மனு போடலாம், வேண்டுமென்றே மீறுபவர் மீது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கையும் கேட்கலாம். ஒவ்வொரு முறை ஏமாற்றப்பட்டபோதும் தேதி, நேரம், அனுப்பிய செய்தி ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வைப்பது, அந்த மனுவை எழுதும் நாளில் பாதி வேலையைக் குறைக்கும். காவல் நிலையத்துக்கு ஓடினால், நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். ஒருவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனு என்பது குழந்தை சட்டவிரோதமாக வைக்கப்பட்டிருக்கிறது என்று காட்ட முடிந்தால்தான் நிற்கும்.

குழந்தையைப் பற்றிய உத்தரவு கல்லில் செதுக்கியது அல்ல என்பதை 1973இலேயே, சென்னையிலிருந்து சென்ற ரோசி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருவரும் சம்மதித்து எழுதிய ஏற்பாடாக இருந்தாலும் குழந்தையின் நலனுக்காக அதை மாற்றலாம். தாய்க்கு வேறு ஊரில் வேலை, தந்தைக்கு மறுமணம், குழந்தைக்குப் பதினான்கு வயதாகி அதுவே வேறு விருப்பம் சொல்வது போன்ற மாற்றங்களைக் காட்டிப் புதிய மனு செய்யலாம். மறுமணம் ஒன்றையே காரணமாக்கிக் குழந்தையைப் பறித்துவிட முடியாது. புதிய வீட்டில் குழந்தை எப்படி இருக்கிறது என்பதே கேள்வி.

சம்மன் வந்தால், தீர்ப்பு வந்தால்

சம்மனை வாங்காமல் திருப்பி அனுப்பினால் வழக்கு நின்றுவிடும் என்ற நம்பிக்கை தவறானது. உங்கள் தரப்பைக் கேட்காமலே ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிடும். அதை நீக்கக் கோரும் மனுவுக்கு, தீர்ப்புத் தேதியிலிருந்தோ, சம்மன் முறையாக வந்து சேராதிருந்தால் தீர்ப்பைப் பற்றித் தெரியவந்த நாளிலிருந்தோ, 30 நாள்தான் அவகாசம். எதிர்த்து நடந்த வழக்கில் தீர்ப்புக் கிடைத்த மறுநாளே மறுமணத்துக்கு நாள் குறிப்பதும் ஆபத்து. மேல்முறையீட்டுக்கான காலம் முடிந்து, மேல்முறையீடு எதுவும் இல்லை என்று உறுதியான பிறகே இந்து திருமணச் சட்டத்தின் 15ஆம் பிரிவு மறுமணத்தை அனுமதிக்கிறது.

தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலுக்கு உடனே நகல் மனு போடுங்கள். குறைந்தது மூன்று நகல் வாங்கி வைப்பது நல்லது. ஒன்று உங்களிடம், ஒன்று கடவுச்சீட்டு, வங்கி போன்ற அலுவலகங்களுக்கு. மூன்றாவது குழந்தையின் பள்ளிக்கு: எந்தக் கிழமையில் வாசலில் யார் வந்து அழைத்துப்போகலாம் என்பதைத் தலைமையாசிரியரும் வாயிற்காவலரும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.